பார்வையாளர் யார்?

அமெரிக்கப் பள்ளிகளின் 'ஏ.பி. கலை வரலாறு' பாடத்தில் மாணவர்கள் 250 படைப்புகளைக் கற்கிறார்கள். அவற்றுள் ஒன்று 11ஆம் நூற்றாண்டுச் சோழர் வெண்கல நடராசர். ஆண்டு, உலோகம், வடிவம் மட்டும் போதாது. அது எதற்காக, எந்தப் பார்வையாளருக்காகச் செய்யப்பட்டது என்றும் விடை எழுத வேண்டும்.

"பக்தர்களுக்காக" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். அது பாதி உண்மை. செப்புத் திருமேனிகள் வீதியுலாவுக்காக வார்க்கப்பட்டவை. அந்த வீதி யாருடையது?

பூதப்பாண்டியில் நுண்கலைப் படிப்புக்குத் தயாராகும் பிள்ளைகளிடம், ஆய்வு மாணவனாக நான் சொல்வது இதுதான்: சுசீந்திரத்தின் இசைத்தூண்களை வரைந்து பழகுங்கள். கூடவே, 1926இல் அந்தக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே சத்தியாகிரகம் நடந்தது என்பதையும் எழுதுங்கள். நம் ஊரில் பிறந்த ஜீவா அதில் பங்கேற்றவர். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை, ஒடுக்கப்பட்ட மக்கள் அந்தத் தூண்களின் பார்வையாளர்களாக இருக்கவே அனுமதி இல்லை.

"கலையில் சாதியைத் திணிக்காதீர்கள்" என்பார்கள். திணித்தது நாமல்ல, வாசலில் காவல் நிறுத்தியவர்கள். கல்லைச் செதுக்கிய கைக்கும் மெழுகில் உருவம் பிடித்த விரலுக்கும் பெயரில்லாமல், கட்டிய மன்னனுக்கு மட்டும் பெயர் வைக்கும் பாடத்தை மனப்பாடம் செய்வது கலை வரலாறு ஆகாது.

பிள்ளைகளே, குறிப்பேட்டில் இரண்டு கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: உழைத்தவர் யார்? தடுக்கப்பட்டவர் யார்?