தோணிக்காரரும் இன்ஷூரன்ஸும்

தாமிரபரணியின் கழிமுகத்துக்கு வடக்கே, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றி ஓடிய தோணிகளை நம் நாட்டார் அறிவர். 1958-ஆம் வருஷத்து வணிகக் கப்பற் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதியதொரு சட்டம் இயற்றப்பட்டது. விதி மாறுந்தோறும் செலவேறுமெனத் தோணிக்காரர் அஞ்சுவது இயல்பே. எனினும், இன்ஷூரன்ஸ் இல்லாத தோணி மூழ்கின், அதில் மாண்ட மாலுமியின் மனைவி மக்கள் எவரிடம் சென்று கேட்பர்? ஆதலின் விலக்குக் கோருதலை நாம் ஆதரியோம். மோதலால் நேரும் நஷ்டத்தில் முக்காற் பங்கையே இன்ஷூரன்ஸ்காரர் ஏற்றமையால், இங்கிலாந்துக் கப்பற் சொந்தக்காரர் 1855-இல் தமக்குள்ளே பரஸ்பர சங்கமொன்று அமைத்து, எஞ்சிய காற்பங்கைக் கூடிச் சுமந்தனர். 1906-இல் பங்கு திரட்டிச் சுதேசிக் கப்பற் கம்பெனி கண்ட தூத்துக்குடிக்கு இஃது இயலாததோ? அத்தகைய சங்கம் விதிகளைச் சர்க்கார் சோதகரினும் கண்டிப்பாய் நோக்கும். பழுதுற்ற தோணியைச் சேர்க்கவே சேர்க்காது. போவது அதன் பணமன்றோ!