கோட்டையா, குடிசையா?

மாநிலக் கட்சி என்றாலே, விடுதலைக்குப் பின் முளைத்த களை என்று முகம் சுளிப்போர் உண்டு. அவர்கள் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும்! வெள்ளையர் ஆண்ட காலத்திலேயே சென்னையிலும் பஞ்சாபிலும் வங்காளத்திலும் அந்தந்த மண்ணுக்குரிய கட்சிகள் எழுந்தன, ஆட்சியும் நடத்தின.

அவை எழுந்தது ஏன்? பதவி நாடியோர் அவற்றில் இருந்தனர், மறுப்பதற்கில்லை. ஆனால், அதிகாரம் இந்தியர் கைக்கு வரும்போது அதன் பயன் யாருக்கு என்ற கேள்வியும் இருந்தது. அந்தக் கேள்விதான் அவற்றின் வேர்.

1916இல் டாக்டர் நடேசனார், தியாகராயர், டாக்டர் நாயர் ஆகியோர் முயற்சியால் சென்னையில் பிறந்தது தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அதுவே நீதிக்கட்சி. 1919ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண அமைச்சர்களிடம் சில துறைகளை ஒப்படைத்தது. 1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணிக்க, நீதிக்கட்சி ஆட்சியேறியது. 1921இல் வகுப்புவாரி ஆணை வெளிவந்தது. அலுவலகக் கதவு பலருக்குத் திறந்தது.

1923இல் பஞ்சாபில் ஃபசல்-இ-உசேனும் சோட்டு ராமும் யூனியனிஸ்ட் கட்சியைக் கண்டனர். முஸ்லிம், இந்து, சீக்கிய உழவர்கள் ஒரே கொடியின்கீழ் நின்றனர். நெடுங்காலம் அடகில் கிடந்த நிலங்களை மீட்டுத்தரச் சட்டம் வந்தது 1938இல். வங்காளத்தில் ஃபஸ்லுல் ஹக்கின் கிருஷக் பிரஜா கட்சி, ஏழைக்குச் சோறும் பருப்பும் என்ற முழக்கத்தோடு 1937 தேர்தலைச் சந்தித்தது.

செய்தது கொஞ்சமா? இல்லை. பிறகு சாய்ந்தது ஏன்?

சொத்துடையோருக்கே வாக்கு என்றிருந்த நிலையை 1935ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு தளர்த்தியது. புதிய வாக்காளர் வந்தனர். நீதிக்கட்சியின் முன்வரிசையிலோ ராஜாக்களும் ஜமீன்தார்களும்! 1937இல் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159 காங்கிரசுக்குப் போயின. முதலமைச்சராக இருந்த பொப்பிலி அரசரே வி. வி. கிரியிடம் தோற்றார். வங்காளத்தில், ஜமீன்தாரியை ஒழிப்போம் என்று வாக்குக் கேட்ட ஹக், ஜமீன்தார்கள் நிறைந்த அமைச்சரவைக்குத் தலைமை தாங்கினார். குடியானவன் கசந்து விலகினான். பஞ்சாபில் பெருநிலக்காரர் கையில் சிக்கிய கட்சி 1946 தேர்தலில் சிதறியது. 1947 மார்ச்சில் கிசர் ஹயாத் கான் பதவி விலகினார்.

மூன்றிலும் பாடம் ஒன்றே. மக்கள் குறையைச் சொல்லி வளர்ந்த கட்சி, மாளிகையில் குடியேறியதும் மங்கியது. தோற்ற நீதிக்கட்சி மட்டும் வேறு வழி கண்டது. 1944இல் சேலத்தில் பெரியார் தலைமையில், வெள்ளையர் தந்த பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்து, திராவிடர் கழகமாகித் தெருவில் இறங்கியது. அந்தத் தெருவில்தான் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது.

இன்று மாநிலக் கட்சி நடத்துவோர் இதை மறக்கலாமா? டில்லிக்கு எதிராகக் குரல் உயர்த்துவது எளிது. நம் மண்ணின் பணக்காரனிடம் ஏழைக்காக வாதாடுவதுதான் கடினம். அந்தச் சோதனையில் தேறாத கட்சிக்கு மாநிலத்தின் பெயர் மட்டும் காவலாகாது!