மண் காத்த வெள்ளி

நுழையும்முன்

உழும் வயலிலும், வீடு கட்டத் தோண்டும் கடைகாலிலும், அள்ளும் ஆற்றுமணலிலும் பழங்காசுகள் வெளிப்படுவதுண்டு. இன்று உலோகங்காணும் கருவியும் அவற்றைத் தேடித் தருகிறது. கண்டெடுத்தவர் பெரும்பாலும் முதலில் செய்வது காசைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான். அது முறையா? பழங்காசின் மதிப்பு அதன் வெள்ளியில் இருக்கிறதா, அது கிடந்த மண்ணிலும் இருக்கிறதா? இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்கிறது இக்கட்டுரை.

கருவி அறிவதும் அறியாததும்

1881ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு துப்பாக்கியால் சுடப்பட்டார். அவர் உடலுக்குள் புதைந்திருந்த குண்டைக் கண்டறியத் தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவியை அமைத்தார். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. எனினும் அக்கருவி சார்ந்திருந்த மின்காந்தத் தூண்டல் என்னும் நெறியே இன்றைய உலோகங்காணும் கருவிக்கும் அடிப்படை. கருவியின் சுருளில் மாறிமாறிப் பாயும் மின்னோட்டம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதனால் எழும் எதிர்ப்புலத்தை உணர்ந்து கருவி ஒலியெழுப்புகிறது. உலோகங்களுள் மின்சாரத்தை மிக நன்கு கடத்துவது வெள்ளி. ஆதலால் வெள்ளிக்காசு இக்கருவிக்குத் தெளிவாகவே புலப்படும்.

ஆயினும் கருவி உலோகத்தை அறியுமேயன்றி வரலாற்றை அறியாது. காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது, பானைக்குள் இருந்ததா, துணிப்பையில் முடியப்பட்டிருந்ததா, அருகே கரித்துண்டோ பானையோடோ இருந்தனவா என்பனவற்றை அது சொல்லாது. ஒலி கேட்ட இடத்தை அவசரமாகத் தோண்டும் கை, காசை வெளியே எடுக்கும் அதே நொடியில் இச்சான்றுகள் அனைத்தையும் கலைத்துவிடுகிறது. கருவியில் குற்றமில்லை; அதைப் பிடித்திருப்பவர் எவ்விடத்தில் கையை நிறுத்துகிறார் என்பதே கேள்வி.

ஒரே ஆண்டில் இரு புதையல்கள்

இக்கருவியைக் கொண்டு பழம்பொருள் தேடுவது இங்கிலாந்தில் பலர் விரும்பி மேற்கொள்ளும் பொழுதுபோக்கு. அங்கே 2015ஆம் ஆண்டு இரண்டு புதையல்கள் வெளிப்பட்டன. இரண்டும் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் புதைக்கப்பட்டவை. இரண்டிலும் ஆல்ஃபிரட், கியோல்வுல்ஃப் என்னும் அரசர்களின் வெள்ளிக்காசுகள் இருந்தன.

ஆக்ஸ்ஃபோர்டு மாவட்டத்து வாட்லிங்டன் அருகே முதற்காசுகளைக் கண்டவர் உரிய அலுவலருக்குத் தெரிவித்தார். தொல்லியலாளர் வந்து, புதையலை மண்ணோடு சேர்த்து ஒரே கட்டியாகப் பெயர்த்தெடுத்தனர். ஆய்வுக்கூடத்தில் அம்மண் சிறிது சிறிதாக அகற்றப்பட்டது. ஏறத்தாழ 200 காசுகள் வெளிவந்தன. அவற்றுள் சிலவற்றில் இரண்டு பேரரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கும் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. ஆல்ஃபிரட்டின் அவைச்சார்பில் எழுந்த வரலாற்றுக்குறிப்பு கியோல்வுல்ஃபை அறிவிலியாகவும் பகைவரின் கைப்பாவையாகவும் காட்டியிருந்தது. காசுகளோ இருவரும் ஒரே வகைக் காசைத் தத்தம் பெயரில் வெளியிட்ட கூட்டாளிகள் என்பதைக் காட்டின. ஏட்டில் சிறுமைப்படுத்தப்பட்ட ஓர் அரசனுக்கு மண்ணிலிருந்து சான்று எழுந்தது. 2017ஆம் ஆண்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 13.5 இலட்சம் பவுண்டு கொடுத்து அப்புதையலைப் பெற்றது.

ஹெர்ஃபோர்டு மாவட்டத்து லெம்ஸ்டர் அருகே மற்றொரு புதையலைக் கண்ட இருவர் அதனை மறைத்து விற்கத் துணிந்தனர். அவர்கள் கைப்பேசியிலிருந்து அழித்த படங்களைப் புலனாய்வாளர் மீட்டெடுத்தபோதுதான் அதில் 300 காசுகள் வரை இருந்திருக்கலாம் எனத் தெரியவந்தது. 2019ஆம் ஆண்டு அவர்கள் சிறைத்தண்டனை பெற்றபோது மீட்கப்பட்டிருந்த காசுகள் 31 மட்டுமே. எஞ்சியவற்றில் பெரும்பகுதி எங்கே என்பது இன்றும் தெரியவில்லை. ஒரே காலத்துக் காசுகள், ஒரே ஆண்டின் கண்டுபிடிப்பு. ஒன்று ஒரு நாட்டின் வரலாற்றைத் திருத்தியது. மற்றொன்று சந்தையில் சிதறியது. இவ்வேறுபாட்டை உண்டாக்கியது கண்டெடுத்தவரின் முதற்செயலே.

நம் மண்ணின் சான்றுகள்

யவனர்தம் மரக்கலங்கள் பொன் கொண்டுவந்து மிளகு பெற்றுச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகிறது. அவ்வணிகத்தின் தடயமாகக் கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் 1842, 1891, 1931ஆம் ஆண்டுகளில் உரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. கொங்குநாட்டில் கிடைத்த உரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர் காலத்தவை. காசுகள் எந்தெந்த ஊரில் கிடைத்தன என்னும் குறிப்பு எஞ்சியதால்தான் மேலைக் கடற்கரையிலிருந்து கொங்கு வழியாகச் சென்ற வணிகப் பெருவழியை நம்மால் வரைந்துகாட்ட முடிகிறது. ஊர்ப்பெயர் இல்லாத காசு அவ்வழியில் ஒரு புள்ளியாகக்கூட நிற்காது.

கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் சேரரின் வெள்ளிக்காசுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றில் மன்னனின் தலையுருவமும் ‘மாக்கோதை’ என்னும் தமிழி எழுத்துப் பொறிப்பும் உள்ளன. தமிழ்நாட்டுக் காசியலில் இது பெருஞ்செல்வம். ஆயினும் ஆற்றுமணலில் கிடைத்த காசுக்கு மண்ணடுக்கு இல்லை. எழுத்தின் வடிவையும் உருவத்தின் பாங்கையும் கொண்டே அதன் காலத்தைக் கணிக்க வேண்டியுள்ளது. இதற்கு மாறாக, 2021ஆம் ஆண்டு கீழடி அகழாய்வில் சூரியன், நிலவு முதலிய சின்னங்கள் குத்தப்பட்ட வெள்ளி முத்திரைக்காசு ஒன்று கிடைத்தது. அது எந்தக் குழியில் எந்த ஆழத்தில் இருந்தது, உடன் கிடைத்தவை யாவை என்பன பதிவில் உள்ளன. முன்னது தன் பெயரை மட்டும் சொல்லும் காசு. பின்னது தன் ஊரையும் சுற்றத்தையும் சேர்த்துச் சொல்லும் காசு.

பளபளப்பின் விலை

மண்ணிலிருந்து வரும் வெள்ளிக்காசு வெண்மையாக இருப்பதில்லை. கந்தகச் சேர்மங்கள் பட்டு அதன்மேல் கரிய வெள்ளி சல்பைடு படிகிறது. உப்பு மிகுந்த மண்ணில் சாம்பல்நிற வெள்ளி குளோரைடு உண்டாகிறது. காசில் கலந்துள்ள செம்பு பச்சைக் களிம்பாக வெளிவருகிறது. இவற்றை அழுக்கு என்று எண்ணுவதே முதற்பிழை. எழுத்தின் விளிம்பு சிலபோது அப்படலத்திலேயே நிலைத்திருக்கும். காசை முடிந்துவைத்த துணியின் இழைகூடக் களிம்பில் பதிந்திருக்கக்கூடும். படலத்தைச் சுரண்டினால் இவையும் உதிர்ந்துபோகும்.

வீட்டு வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீற்றால் துலக்குகிறோம்; பித்தளையைப் புளியிட்டுத் தேய்க்கிறோம். நாள்தோறும் புழங்கும் கலத்துக்கு அது தகும். இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த காசுக்கு அது கேடு. புளியும் எலுமிச்சையும் களிம்போடு உள்ளிருக்கும் செம்பையும் கரைத்துக் காசை நுண்துளை மிக்கதாக்கும். மணல், சாம்பல், பற்பசை ஆகியன மேற்பரப்பைக் கீறும். அலுமினியத் தாளும் சலவைச் சோடாவும் கலந்த வெந்நீர் கருமையை நொடியில் போக்கும். ஆனால் அதனோடு படலம் காத்த நுட்பங்களும் போகும். நெடுநாள் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளே நொறுங்கும் தன்மை அடைந்திருப்பதால், வளைந்த காசை நிமிர்த்த முயன்றாலே உடைந்துவிடும்.

எடையும் ஒரு சான்றே. முத்திரைக்காசின் நிறை ஏறத்தாழ 3.4 கிராம். கணிதவியலாளர் டி. டி. கோசாம்பி, தட்சசீலத்துப் புதையல்களிலிருந்த முத்திரைக்காசுகளை நுட்பமாக நிறுத்துப் பார்த்தார். கைமாறக் கைமாறக் காசு தேய்ந்து எடை குறைகிறது என்னும் உண்மையைக் கொண்டு அவை புழக்கத்தில் இருந்த காலத்தைக் கணக்கிட முயன்றார். அமிலத்தில் கரைந்த காசும் அரத்தால் தேய்த்த காசும் இத்தகைய ஆய்வுக்கு உதவா.

அவ்வாறாயின் காசைத் தூய்மைசெய்யவே கூடாதா? செய்யலாம், செய்ய வேண்டியவர் செய்ய வேண்டும். அருங்காட்சியக வேதியியலாளர் உருப்பெருக்கியின்கீழ் மண்ணை மட்டும் நீக்குவர். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிவர். கண்டெடுத்தவர் செய்யத்தக்கது மிகச் சிறிது: காசை விளிம்பில் பிடித்தல், தேய்க்காமல் தனித்தனித் தாளுறையில் இடுதல், ஈரமின்றி வைத்தல், இடத்தையும் நாளையும் எழுதுதல். பழமைச் சிறப்பில்லாத அண்மைக்காலக் காசாயின் வாலைவடிநீரில் ஊறவைத்து மென்மையாக ஒற்றியெடுத்தால் போதும்.

தெரியுமா?

1992ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹாக்சன் என்னும் ஊரில், உழவர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலை அவர் நண்பர் உலோகங்காணும் கருவியால் தேடினார். ஏறத்தாழ 15,000 உரோமானியப் பொற்காசுகளும் வெள்ளிக்காசுகளும் அடங்கிய புதையலின் ஒரு பகுதி வெளிப்பட்டது. அவர் தோண்டுவதை நிறுத்திச் செய்தி தெரிவித்தார். அதனால் புதையல் இருந்த மரப்பெட்டியின் தடயங்களையும் தொல்லியலாளர் கண்டறிந்தனர். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

சட்டமும் நம்பிக்கையும்

நம் நாட்டில் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழியாகத் தெரிவிக்க வேண்டும். பொருளின் தன்மை, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். மறைப்பவர் தம் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் உள்ளாகலாம். அரசு அப்பொருளைக் கையகப்படுத்தினால், மூலப்பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரவேண்டும் என்கிறது அச்சட்டம்.

இங்கே ஒரு நேரிய மறுப்பு எழுகிறது. கூலிக்கு மண்வெட்டும் ஒருவர் கையில் ஒரு பானைக் காசு கிடைக்கிறது. அறிவித்தால் அலுவலகப் படிகள். மறைத்தால் உருக்குவோரிடம் உடனடிப் பணம். அவரிடம் வரலாற்றின் பெருமையை மட்டும் பேசுவது போதுமா? போதாது. வெள்ளியின் எடைக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தருவது, மாக்கோதை காசையும் உருக்கிய கட்டியையும் ஏறக்குறைய ஒரே தட்டில் வைப்பதாகும். இங்கிலாந்தில் புதையலுக்குச் சந்தை மதிப்பைக் கணித்துக் கண்டவருக்கும் நிலத்தவருக்கும் பகிர்ந்து தரும் முறை உள்ளது. புதையல் அல்லாத பொருள்களையும் பொதுமக்கள் தாமே கொண்டுவந்து காட்ட வட்டாரந்தோறும் அலுவலர் உள்ளனர். 1997 முதல் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அவ்வாறு பதிவாகியுள்ளன. நேர்மையை எதிர்பார்க்கும் சட்டம் நேர்மையாளருக்கு உரிய மதிப்பையும் அளிக்க வேண்டும். மாவட்டந்தோறும் அச்சமின்றிச் சென்று காட்டக்கூடிய ஒரு காசியல் அறிஞரும், காசின் வரலாற்று மதிப்பை ஒட்டிய பரிசும் நமக்குத் தேவை.

எனினும் அரசு மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊரில் கடைகால் தோண்டும் இடத்தில் பழம்பொருள் தென்பட்டால், தோண்டுவதை நிறுத்தச் சொல்லும் முதற்குரல் மாணவருடையதாக இருக்கலாம். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், ஆசிரியர் வழியாக ஆட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். கையிலெடுத்த காசைத் தேய்க்க விரையும் விரல்களைத் தடுங்கள். இரண்டாயிரம் ஆண்டு மண் காத்துத் தந்த சான்றினை இரண்டு நிமிடத்தில் நாம் அழித்துவிடலாகாது.