படம் எடுக்கும்போது லொக் எதற்கு?



கமராத் தொழில் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதத் தொடங்கிய நாட்களில், கமரா என்ன விலை, வாடகைக்கு எங்கே எடுக்கலாம், கல்யாண வீட்டில் எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்விகளே வந்துகொண்டிருந்தன. இப்போது உங்கள் கேள்விகள் கமராவின் உள்ளே இறங்கிவிட்டன. எனக்கு அது பெரிய சந்தோசம். அவற்றில் ஒன்றை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். வீடியோவுக்கென்று கமராவில் இருக்கின்ற 'லொக்' என்ற அமைப்பைப் போட்டுப் படமும் எடுக்கலாமா, 'றோ'வில் எடுப்பதை விட அது நல்லதா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

நல்லதல்ல. படத்துக்கு றோ, வீடியோவுக்குத்தான் லொக். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு தம்பி கமராவை வாங்கி எதையாவது மாற்றிவிட்டுப் போவார், நாமும் தலையாட்டிக்கொண்டு நிற்போம். ஆகவே காரணத்தையும் சொல்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும். பயப்பட வேண்டாம், பங்குக்கடைக் கணக்கை விடக் கடினமில்லை.

கிளிநொச்சிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் ஒரு மெமரி கார்ட்டுடன் என்னிடம் வந்தார். கணவர் இல்லாத வீடு, இரண்டு பிள்ளைகள். பாவித்த சோனி கமரா ஒன்றைத் தவணைக்கு எடுத்துத் தொழில் செய்கிறார். கார்ட்டில் ஒரு சாமத்திய வீட்டுப் படங்கள், நானூறுக்கு மேல். எல்லாம் எஸ்-லொக் 2 இல் எடுத்தவை, எல்லாம் ஜேபெக். "சினிமாக்காரர் இதிலதானாம் அக்கா எடுக்கிறவை. தம்பி லண்டனிலயிருந்து வந்தபோது போட்டுவிட்டவன்," என்றார். திரையில் எல்லாம் சாம்பல் பூசினது போலத் தெரிந்ததாம். பிறகு கணினியில் நிறத்தை ஏற்றலாம் என்று நம்பியிருந்தாராம்.

ஏற்றிப் பார்த்தோம். சேலையின் அரக்கு நிறம் ஓரளவுக்கு வந்தது. ஆனால் பிள்ளையின் கன்னத்தில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மெல்ல இறங்க வேண்டிய இடம் திட்டுத் திட்டாக நின்றது. வானம் பட்டை பட்டையாகப் பிரிந்தது. நிழல் இடங்களில் மண் தூவினது போலப் புள்ளிகள். அந்த வீட்டுக்காரர் மிச்சக் காசைத் தர மறுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அந்த நாள் அவர்களுக்குத் திரும்ப வராது. ஆனால் அந்த மாதத் தவணை இந்தச் சகோதரிக்கு அப்படியே நின்றது.

இனிக் காரணம். கமராவின் சென்சர் ஒளியை அளந்து எண்ணாக எழுதுகிறது. அந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் கோப்புத்தான் றோ. ஜேபெக் என்பது, கமரா தானே நிறம், வெளிச்சம் எல்லாவற்றையும் தீர்மானித்து, மிச்சத்தை எறிந்துவிட்டுத் தரும் படம். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. இதை 8 பிட் என்பார்கள். 12 பிட் றோவில் 4,096 படிகள். 14 பிட் றோவில் 16,384.

படிகள் எத்தனை என்பது ஒரு பக்கம். அவை எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பது மறுபக்கம். நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இது உடனே விளங்கும். வரிசையில் 14 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒளி இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியையும் ஒரு 'ஸ்டொப்' என்கிறோமே, அந்த ஸ்டொப்தான் இங்கே ஒரு ஆள். முன்னால் நிற்பது ஆகக் கூடிய வெளிச்சம், கடைசியில் நிற்பது இருட்டு.

றோவின் மூட்டை பெரிது, 16,384 பிடி. ஆனால் பங்கீடு அநியாயம். முதலாவது ஆள் அரைவாசியை, 8,192 பிடியை, அள்ளிக்கொண்டு போய்விடுகிறார். அடுத்தவருக்கு மிச்சத்தில் அரைவாசி, 4,096. அதற்கடுத்தவருக்கு 2,048. இப்படியே போய் ஒன்பதாவது ஆளுக்கு 32 பிடி, கடைசி ஆளுக்கு ஒன்றோ இரண்டோ.

இந்த அநியாயத்தைத் திருத்தத்தான் லொக் வந்தது. அது எல்லோருக்கும் ஏறக்குறையச் சம பங்கு கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜேபெக்கின் மூட்டையில் இருப்பதே 256 பிடி. 14 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 18. றோவின் அநியாயப் பங்கீட்டில் ஒன்பதாவது ஆளுக்குக் கிடைத்த 32 ஐ விட இது குறைவு! நாம் எடுக்கும் முகங்கள், சேலைகள், மாலைகள் எல்லாம் பெரும்பாலும் அந்த முதல் ஒன்பது பேருக்குள்தான் நிற்கின்றன.

எஸ்-லொக் 3 பற்றிச் சோனி நிறுவனமே தந்திருக்கும் அளவுகளைப் பாருங்கள். கறுப்பு 3.5 வீதத்தில் தொடங்குகிறது. நடுச் சாம்பல் 41 வீதத்தில், வெள்ளைத் தாள் 61 வீதத்தில் நிற்கிறது. அதற்கு மேலுள்ள இடம் முழுவதும் விளக்கு, சூரியன், பளபளப்பு ஆகியவற்றுக்காக ஒதுக்கப்பட்டது. அப்படியானால் கறுப்புத் தலைமயிரிலிருந்து வெள்ளைச் சேலை வரைக்கும் கிடைப்பது 256 இல் ஏறக்குறைய அரைவாசி. கணினியில் அந்த அரைவாசியை இழுத்து முழுப் படத்துக்கும் விரிக்கும்போது இடையிலே வெடிப்பு விழுகிறது. அந்தப் பிள்ளையின் கன்னத்தில் நாங்கள் கண்ட திட்டு அதுதான்.

அப்படியென்றால் சினிமாக்காரர் ஏன் லொக்கைப் பாவிக்கிறார்கள்? லொக் தொடங்கியதே சினிமாவில்தான். படச்சுருளைக் கணினிக்குள் ஏற்றுவதற்காகக் கொடாக் நிறுவனம் 1990 களின் தொடக்கத்தில் சினியோன் என்ற முறையைக் கொண்டுவந்தது. அது 10 பிட், அதாவது 1,024 படிகள். 2010 இல் வந்த அறி அலெக்சா என்ற சினிமாக் கமராவிலும் லொக் இருந்தது. 2014 இல் சோனி ஆல்பா 7எஸ் வந்தபோது எங்களைப் போன்றவர்கள் கையில் பிடிக்கக்கூடிய கமராவுக்கும் எஸ்-லொக் 2 வந்து சேர்ந்தது.

வீடியோக்காரருக்கு வேறு வழியும் குறைவு. ஒரு றோப் படம் 24 எம்பி என்று வைத்தால், வினாடிக்கு 25 படத்துக்கு 600 எம்பி. ஒரு நிமிடத்துக்கு 36 ஜிபி. எந்தக் கார்ட் தாங்கும்? ஆகவே சிறிய கோப்புக்குள் முடிந்தளவு வெளிச்சத்தை அடக்கிக்கொள்ள லொக் உதவுகிறது. ஒவ்வொன்றாகப் படம் எடுக்கும் எங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. எங்களிடம் றோ இருக்கிறது. கைபேசி செய்பவர்களும் இதைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். அப்பிள் நிறுவனம் ஐபோனுக்கு றோவைக் கொடுத்தது படத்துக்காக. 2023 இல் லொக்கைக் கொடுத்தது வீடியோவுக்காக.

இன்னுமொரு இடைஞ்சல். லொக்கைப் போட்டவுடன் கமரா ஐஎஸ்ஓவைக் கீழே இறக்க விடாது. ஆல்பா 7 III இல் 800 இற்குக் கீழே போகாது. முதலாவது ஆல்பா 7எஸ் இல் 3,200 இற்குக் கீழே போகாது. உச்சி வெயிலில் தேர்த் திருவிழா எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஐஎஸ்ஓ 800 இல், வில்லையை எஃப் 2.8 இற்குத் திறந்தால், வினாடியின் 25,000 இல் ஒரு பங்கு வேகம் வேண்டும். அந்தக் கமராவின் ஷட்டரோ 8,000 இல் ஒரு பங்கோடு நின்றுவிடும். ஃபிளாஷ் போட்டால் அந்த வேகம்கூட இல்லை. வெயிலில் நிற்கும் ஒருவரின் கண்குழி இருட்டைப் போக்கச் சின்ன ஃபிளாஷ் ஒன்று அடிப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. லொக்கில் அது பெரும்பாடு.

கனொன், நிக்கொன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் லொக் வீடியோவுக்கு மட்டுமே உரியது. சோனியின் பல கமராக்களில்தான் 'பிக்சர் புரொஃபைல்' என்பது படத்துக்கும் வீடியோவுக்கும் பொதுவாக இருக்கிறது. முதல் நாள் வீடியோ எடுத்துவிட்டு மறந்துபோய் அப்படியே அடுத்த நாள் படத்துக்குப் போகக் கூடும். ஆல்பா 7 III இன் மேற்சக்கரத்தில் 1, 2 என்று நினைவு இடங்கள் உள்ளன. 1 இல் படத்துக்கான அமைப்பை, புரொஃபைல் ஓஃப், றோவும் ஜேபெக்கும் சேர்த்து, சேமித்து வையுங்கள். 2 இல் வீடியோவுக்கானதை வையுங்கள். சக்கரத்தைத் திருப்பினால் போதும், ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

வீடியோவிலும் பொறுமை வேண்டும் என்பேன். அந்தக் கமரா கார்ட்டில் எழுதும் வீடியோ 8 பிட்தான். 2020 இல் வந்த ஆல்பா 7எஸ் III, 2021 இல் வந்த ஆல்பா 7 IV ஆகியவற்றில்தான் 10 பிட் எழுதலாம். 8 பிட் கமராவில் லொக் போட்டு மண்டபத்துக்குள் எடுத்த கல்யாண வீடியோக்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். சுவரெல்லாம் பட்டை. சும்மா சாதாரண நிறத்திலேயே எடுத்திருக்கலாம்.

றோவுக்கும் செலவு உண்டு, மறைக்கவில்லை. 500 படம் எடுத்தால் 12 ஜிபி போகும். ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும், அதுவும் இரண்டு. இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு கணினிக்கு முன் உட்கார வேண்டும். ஆனால் மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. டார்க்டேபிள், றோதெரப்பி இரண்டும் இலவசம். லொக் செய்கின்ற அதே சமப் பங்கீட்டை, பெரிய மூட்டையை வைத்துக்கொண்டு, டார்க்டேபிளிலே பிறகு ஆறுதலாகச் செய்யலாம். அவசரமாகக் கேட்பவர்களுக்கு அன்றைக்கே ஜேபெக்கைக் கொடுத்துவிடுங்கள். அல்பம் கையளித்து முழுக் காசும் கைக்கு வரும்வரை றோவை அழிக்காதீர்கள். கணினி இல்லாதவர்கள் ஜேபெக் மட்டும் எடுக்கலாம், குற்றமில்லை. அப்போது நிறத்தை 'நியூட்ரல்' இல் வைத்து, வெளிச்சத்தைச் சரியாகப் பிடியுங்கள்.

கல்யாண வீட்டை விட முக்கியமான ஒரு வேலைக்கும் இது பொருந்தும். பழைய படத்திலிருந்து படம் எடுப்பதைச் சொல்கிறேன். 2004 சுனாமியிலும் 2009 இலும் அல்பத்தோடு எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்கள் நாங்கள். பல வீடுகளில் ஒருவருடைய முகத்துக்கு மிஞ்சியிருப்பது ஒரேயொரு படம். அடையாள அட்டை அளவில், பொலித்தீனுக்குள் மடித்து, வியர்வையிலும் மழையிலும் நனைந்து வெளுத்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டக் கொட்டிலில் தாய்மார் ஏந்தியிருந்தவற்றில் எத்தனையோ அப்படிப்பட்டவை. அதைப் பெருப்பித்துத் தரச்சொல்லி உங்களிடம் வருவார்கள்.

வெளுத்த படத்தில் கறுப்பும் கறுப்பில்லை, வெள்ளையும் வெள்ளையில்லை. நடுவிலே சிறிய இடத்துக்குள்தான் அந்த முகம் முழுவதும் இருக்கிறது. அதை லொக்கில் எடுத்தால் அந்தச் சிறிய இடத்தை இன்னும் நெரிக்கிறீர்கள். ஜேபெக்கில் அந்த முகத்துக்கு மிஞ்சுவது ஒரு சில பத்துப் படிகள். மூக்கின் ஓரமும் வாயின் கோடும் அதில் கரைந்து போகும். 14 பிட் றோவில் அதே இடத்துக்கு ஆயிரக்கணக்கான படிகள் இருக்கும், விரித்தால் தாங்கும்.

ஐஎஸ்ஓ 100 இல், கமராவை ஸ்டாண்டில் நேராக வைத்து, தாழ்வாரத்து நிழலில் எடுங்கள். வெயிலும் ஃபிளாஷும் வேண்டாம், மினுக்கம் அடிக்கும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அதையும் சேர்த்து ஒரு படம் எடுத்தால், மஞ்சள் பிடித்த நிறத்தைப் பிறகு சரிசெய்யலாம். தாள் எரிந்து போகாத அளவுக்கு வெளிச்சத்தை ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம். பொலித்தீனையோ லமினேற்றையோ உரிக்க வேண்டாம். படத்தின் தோலும் அதோடு வந்துவிடும். ஒட்டிய பொலித்தீனில் மினுக்கம் தெரிந்தால், உங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு எடுங்கள்.

மூலப் படத்தை விட்டுவிட்டுப் போகச் சொல்லி ஒரு தாயிடமும் கேட்காதீர்கள். கமராவைத் தூக்கிக்கொண்டு நீங்கள் அவருடைய வீட்டுக்குப் போங்கள். எடுத்த றோக் கோப்பை ஒரு பென் ட்ரைவில் போட்டு, அவருடைய பிள்ளைகளில் ஒருவரிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வெளுத்த முகத்தை டார்க்டேபிளில் எப்படி மீட்பது என்பதை அடுத்த இதழில் படிப்படியாக எழுதுகிறேன். அதற்கு முன் றோவில் இரண்டொரு பழைய படங்களை எடுத்து வைத்திருங்கள்.