ஆங்கிலம் பேசுபவரெல்லாம் ஆங்கில ஆசிரியரா?

"இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிற ஒருவரை வகுப்பில் நிறுத்தினால் போதும், பிள்ளைகள் தானாகப் பிடித்துக்கொள்வார்கள். பயிற்சி, தரநிலை என்பதெல்லாம் காகித வேலை." தனியார் பள்ளி நிர்வாகிகள் இப்படிச் சொல்கிறார்கள், பெற்றோர் சொல்கிறார்கள், ஆசிரியர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு இந்த எண்ணத்தால் பெரிய நஷ்டமில்லை. ஆங்கிலத்தை வகுப்பறையில் மட்டுமே கேட்கும் பிள்ளைதான் இதற்கு விலை கொடுக்கிறது.

முதலில் சரளத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் கற்க வந்த ஒரு வெளிநாட்டவர், "நான் பசிக்கிறேன் என்று சொல்லாமல் எனக்குப் பசிக்கிறது என்று ஏன் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால், பிறந்ததிலிருந்து தமிழ் பேசும் நம்மில் எத்தனை பேரால் விளக்க முடியும்? பிழையில்லாமல் பேசுவது ஒரு திறன். அந்த மொழி எப்படி இயங்குகிறது என்று அடுத்தவருக்குப் புரியவைப்பது இன்னொரு திறன். ஒரு பிள்ளை 'வென்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கோ'வுடன் 'எட்' சேர்த்து எழுதுகிறது. சரளமாகப் பேசுபவர் அதைச் சிவப்பு மையால் அடிப்பார். பயின்ற ஆசிரியருக்கு அதில் ஒரு நல்ல செய்தி தெரியும்: இறந்தகால விதி பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது, விதிவிலக்கு மட்டுமே பாக்கி. 'வொய் யூ ஆர் கிரையிங்?' என்று கேட்கும் பிள்ளையின் கதை வேறு. தமிழில் கேள்வி கேட்பதற்காகச் சொற்களை இடம் மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் வருகிறது. ஒன்றுக்குப் பார்க்கும் வைத்தியம் மற்றதற்கு ஆகாது. பிழைகள் கற்றலின் தடயங்கள் என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் எழுதியது மொழி கற்பித்தல் துறையின் அடிப்படைப் பாடம். பேச்சுப் பழக்கம் மட்டும் அதைக் கற்றுத் தராது.

சரளமே போதும் என்பவர்கள் அடுத்து வந்து நிற்குமிடம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர் என்பது. 1961இல் உகாண்டாவின் மக்கெரேரேயில் நடந்த காமன்வெல்த் மாநாடு வேரூன்றச் செய்த நம்பிக்கைகளில் இதுவும் ஒன்று என்று காட்டி, 1992இல் மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் இதை உடைத்தார். இங்கிலாந்தில் பிறந்தவர்களே இந்தத் தொழிலுக்கு வர செல்டா போன்ற சான்றிதழ்களைப் படிக்கிறார்கள்: சுமார் 120 மணி நேரப் படிப்பு, அதில் 6 மணி நேரம் பயிற்றுநர் பார்த்து மதிப்பிட, உண்மையான மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் எழுதியும் வரைந்தும் வைத்திருந்தவற்றை ஆராய்ந்தார். அந்த நூல் காட்டிய உலகத்திலிருந்து அவர்கள் எவ்வளவு விலகி நின்றார்கள் என்பது அந்தக் கிறுக்கல்களில் தெரிந்தது. மாணவரின் மொழியும் ஊரும் அறிந்த ஆசிரியரால்தான் அவற்றை அப்படிப் படிக்க முடியும்.

"இருபது வருஷ அனுபவம் இருக்கிறதே!" என்பது அடுத்த வாதம். அனுபவம் வகுப்பை நடத்தும் லாவகத்தைத் தரும், மறுக்கவில்லை. ஆனால் பாடவேளையில் தாம் எத்தனை நிமிஷம் பேசினோம், கடைசி பெஞ்சிலிருந்து எத்தனை ஆங்கில வாக்கியம் வந்தது என்பது பாடம் நடத்திக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. இன்னொரு ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து குறித்துக் கொடுத்தால் தெரியும்.

வலுவான வாதம் கடைசியில் வருவது: பயிற்சிகளால் பயனில்லை. நடக்கிற பயிற்சிகள் பலவற்றைப் பற்றி இது உண்மைதான். மாநில அளவில் கருத்தாளர்களுக்குச் சொன்னது மாவட்டத்துக்கும், அங்கிருந்து வட்டார வள மையத்துக்கும் இறங்குவதற்குள் தேய்ந்துவிடுகிறது. ஆசிரியர் கையெழுத்துப் போட்டு, பி.பி.டி. பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பணித்திறன் மேம்பாடு என்கிறது 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை. மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் இதே சடங்குதான் இன்னும் நீளும். இதிலிருந்து வர வேண்டிய முடிவு பயிற்சியை மாற்ற வேண்டும் என்பது. அதைக் கைவிடலாம் என்பது எப்படிச் சரியாகும்?

மாற்றுவழி நம் பக்கத்திலேயே பிறந்தது. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பள்ளிகள் சிலவற்றில் மொழி கற்பித்தல் வல்லுநர் என்.எஸ். பிரபுவும் உடனிருந்த ஆசிரியர்களும் ஒரு முயற்சி செய்தார்கள். இலக்கணத்தை வரிசையாக ஒப்பிக்க வைக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து மாணவர்களைக் கணக்குப் போடவும் முடிவெடுக்கவும் வைத்தார்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தங்களுக்குள் விவாதித்து அடுத்த பாடத்தைத் திருத்தினார்கள். பணிகளை மையமாக வைத்து மொழி கற்பிக்கும் முறைக்கு இன்று உலகெங்கும் முன்னோடியாகச் சொல்லப்படுவது அந்தத் திட்டம்தான். அந்த வகுப்பறைகள் சாதாரணப் பள்ளி வகுப்பறைகள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

அந்த வழியில் போக இப்போதும் பெரிய செலவில்லை. ஒரு குறுவள மையத்துக்கு உட்பட்ட ஆங்கில ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கட்டும்; பிறகு நாலு மாணவர்களின் நோட்டுகளை நடுவில் வைத்துப் பேசட்டும். தரநிலை என்று ஒன்று எழுதுவதானால் முதல் வரியாக இதை எழுதலாம். அந்த நேரத்தை எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளப் பதிவுக்கோ வேறு கணக்கெடுப்புக்கோ பிடுங்காமல் விட வேண்டியது அரசின் பொறுப்பு. தனியார் பள்ளிகள் அதைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும்.