தாவலும் ஊசலும்: 'குரங்கு' என்னும் ஒற்றைச் சொல்லின் சோம்பல் குறித்து

மரம், கிளை, குரங்கு ஆகிய மூன்று சொற்களும் ஒரு வாக்கியத்தில் கூடிவிட்டால், நான்காவதாக 'ஊஞ்சல்' தானே வந்து ஒட்டிக்கொள்ளும் நோய் ஒன்று நம் காலத் தமிழ் எழுத்தைப் பீடித்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் களமாகக் கொண்ட புனைகதை, ஆப்பிரிக்கக் காட்டைப் பேசும் மொழிபெயர்ப்பு, சிறுவர் நூல் என எதை எடுத்தாலும், விழுதைப் பற்றி மரத்துக்கு மரம் வீசிச் செல்லும் குரங்கு அதில் தவறாமல் வந்துபோகிறது. எழுதியவர் அதைப் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது. ஏனெனில் அவர் காட்டும் காட்டில் அப்படியொரு குரங்கே இல்லை.

இதையெல்லாம் ஒரு பிழையென்று எடுத்துக்கொண்டு வாதாட வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேண்டும் என்பதே எமது வாதம். காரணத்தைப் பின்னர் கூறுவோம். முதலில் மெய்ந்நிலையைப் பார்த்துவிடலாம்.

நம் நிலத்தில் நாட்டுக்குரங்கு உண்டு, சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு உண்டு, நீலகிரியின் கருமந்தி உண்டு, சாம்பல் நிற மந்தியும் உண்டு. இவற்றுள் ஒன்றேனும் கைகளால் தொங்கி வீசிச் செல்வதைத் தன் பயண முறையாகக் கொண்டதில்லை. இவை கிளையின் மேல் நான்கு கால்களால் ஓடுபவை; இடைவெளி வந்தால் பின்னங்கால்களை உந்தித் தாவுபவை. இவற்றின் மார்பு ஒடுங்கியது. தோள்பட்டை எலும்பு நாய்க்கு இருப்பதைப் போல் உடலின் பக்கவாட்டில் அமைந்திருக்கிறது. வால் தாவலில் சமநிலை காக்கிறது. இது தாவலுக்கென்றே அமைந்த உடல்.

கைவீசி நகர்தல் என்னும் கலைக்கு உலகில் முழு உரிமை பெற்றவை கிப்பன்களே. அசாம் தொடங்கி தென்சீனம், தாய்லாந்து, மலேசியா, சுமத்திரா, ஜாவா, போர்னியோ வரை பரவியுள்ள இக்குடும்பத்தில் ஏறத்தாழ இருபது இனங்கள் உள்ளன. இவற்றுக்கு வால் கிடையாது. தோள்பட்டை எலும்பு முதுகுப் பக்கம் அமைந்திருப்பதால் கை தலைக்கு மேல் தடையின்றிச் சுழலும். மணிக்கட்டு கிண்ணத்தில் பொருந்திய பந்துபோல் திரும்பும். விரல்கள் நீண்டு கொக்கியாக வளையும். பெருவிரல் குறுக்கே நிற்காமல் ஒதுங்கிக்கொள்ளும். கைகளோ கால்களைக் காட்டிலும் மிக நீண்டவை.

தென்னமெரிக்க, நடு அமெரிக்கக் காடுகளின் சிலந்திக் குரங்கு இதை ஓரளவு செய்யும். ஆனால் அதற்கு ஐந்தாவது கையாக வால் துணை நிற்கிறது. ஒராங்குட்டான் நான்கு கைகால்களாலும் பற்றிப் பற்றி மெல்ல நகரும். சிம்பன்சியும் கொரில்லாவும் நெடுந்தொலைவு செல்ல நேர்ந்தால் தரையில் இறங்கி விரல்முட்டுகளை ஊன்றி நடக்கும். வளர்ந்த ஆண் கொரில்லாவின் எடையைத் தாங்கி ஊசலாட்ட எந்தக் கொடிக்கும் வலுவில்லை.

அவ்வாறெனில் நம் மனத்திலுள்ள சித்திரம் எங்கிருந்து வந்தது? 1912-இல் எட்கர் ரைஸ் பரோஸ் படைத்து, 1932-க்குப் பின் ஜானி வைஸ்முல்லர் நடித்த படங்கள் உலகெங்கும் கொண்டுசேர்த்த டார்ஜானிடமிருந்து வந்தது. கிப்பனே இல்லாத ஆப்பிரிக்காவில், ஸ்டூடியோவில் கட்டிய கொடியில் ஒரு நீச்சல் வீரர் ஆடிய ஆட்டத்தைத்தான் நாம் இன்று 'கானகத்தின் இயல்பு' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

*

இப்போது இந்த நகர்வின் உள்ளே சற்று நிற்போம். இதில் நிற்க வேண்டிய அழகு உண்டு.

பழம் கிளையின் நுனியில் இருக்கிறது. நுனிக்கிளை மெல்லியது. அதன் மேல் ஏறி நடக்கும் விலங்கு ஒரு சிறு அசைவில் கவிழ்ந்துவிடும். அதே கிளைக்குக் கீழே தொங்கும் விலங்கு கவிழ்வதற்கு வழியில்லை. அது முன்னரே கீழேதான் இருக்கிறது. இந்த எளிய தர்க்கத்திலிருந்தே மற்றவை அனைத்தும் பிறக்கின்றன. மெல்ல நகரும்போது கிப்பனின் ஒரு கையாவது எப்பொழுதும் கிளையில் இருக்கும். உடல் தாழ்ந்து விழும்போது உயரம் வேகமாகிறது; மறுபுறம் எழும்போது வேகம் மீண்டும் உயரமாகிறது. சியாமாங் என்னும் பெரிய கிப்பனின் அசைவை ஆராய்ந்து ஜான் ஃபிளீகிள் 1974-இல் எழுதிய கட்டுரை, கால்களைத் தக்க தருணத்தில் மடக்கியும் நீட்டியும் அது வேகம் பெறுவதைப் பேசுகிறது. ஊஞ்சலில் அமர்ந்த குழந்தை செய்வதும் இதையே.

வேகம் கூடும்போது கதை மாறுகிறது. ஒரு கை விடும். மறு கை இன்னும் பற்றியிராது. இடையில் உடல் காற்றில் தனித்து மிதக்கும். அடுத்த கிளையில் மோதி வேகத்தை இழக்காமல், அதன் வளைவுப் பாதையோடு இழைந்துசேரும் கோணத்தில் கை சென்று பற்றுகிறது. தவறினால் வீழ்ச்சிதான். 1937-இல் சியாமுக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் இருந்த அடால்ஃப் ஷுல்ட்ஸ், அங்குச் சேகரித்த கிப்பன் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் எலும்பு முறிந்து ஆறிய தடம் இருந்தது. அந்த எலும்புகளைப் பெறுவதற்காகக் கிப்பன்கள் கூட்டமாகச் சுட்டு வீழ்த்தப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 'சர்க்கஸ்', 'விளையாட்டு' என்று நாம் எழுதுவது, எலும்பைப் பணயம் வைத்து நடக்கும் அன்றாடப் பிழைப்பு.

இந்நகர்வுக்கு ஆங்கிலம் இலத்தீனிலிருந்து 'கை' எனும் சொல்லைக் கடன் வாங்கி 'பிராக்கியேஷன்' என்று பெயரிட்டது. தமிழுக்கு அந்த வறுமை இல்லை. 'ஊசல்' என்பது நமக்கு ஊஞ்சலும் ஆகும்; இயற்பியல் வகுப்பில் தொங்கி ஆடும் குண்டும் ஆகும். சிற்றிலக்கியத்தில் அதற்கென ஒரு வகையே உண்டு. கிப்பனின் இயக்கம் இவ்விரு பொருளிலும் ஊசலே. 'கையூசல்' என்று சொல்லிப் பாருங்கள்: இயற்பியலும் காட்சியும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இவ்வளவு பொருத்தமான சொல் கைவசம் இருக்க, அதைத் தாவும் விலங்கின் மேல் வீணே சுமத்துவானேன்?

*

'இலக்கியத்தில் உடற்கூறு எதற்கு? கவிஞனுக்கு உரிமம் உண்டே' என்ற மறுப்பை எதிர்பார்க்கிறோம். உரிமம் அறிந்து மீறுபவனுக்கு உரியது. அறியாதவனுடையதற்குப் பெயர் வேறு.

நம் முன்னோர் இந்த உரிமத்தைக் கோரவில்லை. தொல்காப்பிய மரபியல் குரங்கையும் முசுவையும் ஊகத்தையும் தனித்தனியே எண்ணிய பின்னரே, அவற்றின் பெண்ணுக்கு மந்தி என்ற பெயரை வழங்குகிறது. குறுந்தொகையின் 69-ஆம் பாடலில், கணவனை இழந்த மந்தி வளராத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலைச்சரிவில் பாய்ந்து உயிர் விடுகிறது. அங்கே இறந்த கலைக்குப் புலவர் தரும் வினை தாவுதல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொல் தேர்ந்திருக்கிறார். பின்னாளில் வைணவ ஆசாரியர்கள் சரணாகதியின் இயல்பை விளக்க மர்க்கட நியாயம், மார்ச்சார நியாயம் என இரண்டை வைத்தார்கள்: குரங்குக்குட்டி தாயைத் தான் பற்றிக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது. ஒரு சமயப் பிரிவின் தத்துவ வேறுபாடு, 'யார் யாரைப் பற்றுகிறார்கள்' என்ற நுண்ணிய கவனிப்பின் மேல் நிற்கிறது. அந்த மொழியின் வாரிசுகள் நாம்.

கண்டெழுதும் மரபுக்கும் கேட்டெழுதும் மரபுக்கும் உள்ள வேறுபாட்டைச் சீனமும் ஜப்பானும் காட்டுகின்றன. சீனச் செவ்விலக்கியம் கிப்பனுக்கு ஒரு சொல்லையும் சாதாரணக் குரங்குக்கு வேறொரு சொல்லையும் வைத்திருந்தது. துப்பறியும் நாவல்களால் அறியப்பட்ட டச்சு அறிஞர் ராபர்ட் வான் ஹூலிக், சீனப் பண்பாட்டில் கிப்பனின் இடம் பற்றி 1967-இல் ஒரு நூலே வெளியிட்டார். தாமே கிப்பன்களை வளர்த்தவர் அவர். ஜப்பானிலோ கிப்பன் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சீன ஓவியர் மூச்சி வரைந்து, இன்று கியோத்தோவின் தைதோகுஜி மடத்தில் இருக்கும் கிப்பன் ஓவியத்தைப் பார்த்துப் பார்த்தே அந்நாட்டு ஓவியர்கள் தலைமுறைகளாகக் கிப்பன்களை வரைந்தார்கள். அவர்களுக்கு முன்னே இருந்ததாவது மூச்சியின் தூரிகை. நமக்கு முன்னே இருப்பது டார்ஜான்.

அதே சீனத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். சியான் நகரருகே, முதற்பேரரசனின் பாட்டியுடையதாகக் கருதப்படும் கல்லறையில் ஒரு கிப்பனின் மண்டையோடு கிடைத்தது. இன்று உயிரோடுள்ள எந்தக் கிப்பனோடும் அது பொருந்தவில்லை எனக் கண்ட ஆய்வாளர்கள், 2018-இல் அதைப் புதிய பேரினமாகவே அறிவித்தார்கள். கவிதைகளில் கிப்பனின் குரல் ஒலித்த நிலப்பரப்பின் பெரும்பகுதியில் இன்று கிப்பன் இல்லை. கவிதை இருக்கிறது.

*

இனி எமது வாதத்தின் மையம். 'குரங்குதானே, தாவிவிடும்' என்ற வாக்கியம் எவ்வளவு எளிதாக நம் நாவில் வருகிறது! காட்டின் நடுவே சாலையையும் இருப்புப்பாதையையும் இழுக்கிறவர்களின் நாவிலும் அதே எளிமையோடுதான் வருகிறது.

அசாமின் யோர்ஹாட் மாவட்டத்தில் ஹோலோங்காபார் என்றொரு சரணாலயம் உண்டு. பரப்பு ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இந்தியாவின் ஒரே வாலில்லாக் குரங்கினமான ஹூலக் கிப்பன் அங்கு வாழ்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் போட்ட இருப்புப்பாதை அக்காட்டை இரண்டாக வெட்டிச் செல்கிறது. நாட்டுக்குரங்காக இருந்தால் இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து, மறுபுறம் ஏறியிருக்கும். கிப்பன் தரைக்கு இறங்கத் தயங்கும் விலங்கு. கிளை முடியும் இடத்தில் அதன் உலகம் முடிகிறது. பாதைக்கு மேல் அமைத்துத் தந்த இரும்புப் பாலத்தை அது ஏற்கவில்லை. இருமருங்கும் மரங்கள் வளர்ந்து, கிளைகள் கைகோத்தால்தான் அதற்கு வழி.

சீனத்தின் ஹைனான் தீவில் நடந்தது இன்னும் நுட்பமானது. உலகின் மிக அரிய குரங்கினங்களுள் ஒன்றான ஹைனான் கிப்பன் அங்கு மட்டுமே உண்டு. மொத்தம் நாற்பது அளவிலேயே எஞ்சியிருக்கிறது. 2014-இல் வீசிய ரம்மசூன் சூறாவளியால் ஏற்பட்ட நிலச்சரிவு, அவற்றின் வழித்தடத்தில் சுமார் 15 மீட்டர் இடைவெளியை உண்டாக்கியது. ஆய்வாளர்கள் 2015-இல் அங்கே கயிறுகளைக் கட்டினார்கள். கிப்பன்கள் அதை முதன்முதலில் பயன்படுத்த 176 நாட்கள் ஆயின. அப்போதும் பெரும்பாலும் அவை கையூசலாகச் செல்லவில்லை. ஒரு கயிற்றின் மேல் நடந்து, மேலுள்ள மற்றொன்றைக் கைப்பிடியாகப் பற்றிச் சென்றன. அவ்விலங்கை அறியாதவர் கட்டும் பாலம் ஒன்றாகவும், அறிந்தவர் காத்திருந்து கற்றது வேறாகவும் இருக்கிறது.

நம் வால்பாறையில் நிலைமை நேரெதிர். அங்குச் சோலைமந்திகள் தரையில் இறங்கத் துணிகின்றன; வாகனங்களில் அடிபட்டு இறக்கின்றன. அவற்றுக்காகச் சாலைக்கு மேல் தீயணைப்புக் குழாய்களால் பாலங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. கிப்பன் இறங்காமல் அழிகிறது. சோலைமந்தி இறங்கி அழிகிறது. இரண்டையும் 'குரங்கு' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்து, இரண்டையும் ஒரே விழுதில் ஆடவிடும் எழுத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. தெரியாததற்காக அது இரங்கவும் முடியாது. காட்டை நேசிப்பதாகச் சொல்லும் எழுத்தே காட்டின் உயிர்களை ஒன்றோடொன்று மாற்றிவைக்கத்தக்க பொம்மைகளாக்கிவிட்டால், மாற்றுக்காடு தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் நாம் எந்த முகத்தோடு வாதாடுவது?

எழுத்தாளர்கள் அனைவரும் விலங்கியல் பட்டம் பெறவேண்டும் என்று நாம் கோரவில்லை. கோருவது இரண்டே. நம் மலையின் குரங்கைப் பற்றி எழுதுமுன் அரைமணி நேரம் அதை அண்ணாந்து பாருங்கள்; அது தாவுவது தெரியும். மொழிபெயர்க்கும்போது மூலத்தில் உள்ள விலங்கு எதுவெனக் கேளுங்கள். கிப்பனைக் கிப்பன் என்றே எழுதுங்கள், அதற்குக் கையூசலைக் கொடுங்கள். முசுவுக்கும் ஊகத்துக்கும் தனிப்பெயர் வைத்திருந்த மொழிக்கு இது புதிய சுமையன்று. அது இடையில் கீழே போட்டுவிட்ட பழைய பொறுப்பு.