கல்லறையிலும் ஜாதியா?

திருநெல்வேலி ஜில்லாவின் தென்கோடியில், தேரி மணலும் பனைமரமும் சூழ்ந்த இடையன்குடியில் ஒரு கிறிஸ்தவக் கோயில் இருக்கின்றது. 1841-ல் அவ்வூருக்கு வந்து, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் பாதிரியார் கட்டி, 1880-ல் திறக்கப்பட்ட கோயில் அது. 1891-ல் கோடைக்கானலில் இறந்த அவரது உடல் அக்கோயிலின் பீடத்தின் கீழேயே புதைக்கப்பட்டிருக்கின்றது. உழைத்தவரை ஜனங்கள் மறவாதிருப்பதை நாம் குறை கூற வரவில்லை. நாம் கேட்பதெல்லாம், கல்லறைத் தோட்டம் என்பது செத்தவர்களுக்காகவா, அல்லது இருக்கின்றவர்களுடைய ஜம்பத்துக்காகவா என்பதேயாகும்.

அதே ஜில்லாவில் களக்காட்டை அடுத்த டோனாவூரைப் பாருங்கள். கோயில்களுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951-ல் இறந்தார். தமது குழியின்மேல் கல் நாட்டக்கூடாது என்று அவர் சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகள் கல்லுக்குப் பதிலாகப் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்து, அதில் தாய் என்று பொருள்படும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள். அந்த அம்மையாரின் மோட்சத்தில் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் செத்தபின் காக்கை குருவிக்காவது உபயோகப்படும் கல்லறையை நாம் மெச்சாமலிருக்க முடியுமா?

இனி நம்மவர்கள் யோக்கியதையைப் பார்ப்போம். ஜாதி இழிவு போகுமென்று நம்பித்தான் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் வேதத்தில் சேர்ந்தார்கள். சேர்ந்த இடத்தில் நடந்தது என்ன? வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் வேளாளருக்கும் நாடாருக்கும் இரண்டு தனிப் பகுதிகள் கட்டி, நடுவே சுவரும் எழுப்பினார்கள். 1910-ல் சுவர் இடிக்கப்பட்டதும், சுவர் வேண்டுமென்று வேளாளக் கிறிஸ்தவர்கள் சென்னை ஹைக்கோர்ட்டு வரை சென்று தோற்றார்கள். உயிரோடிருப்பவர்கள் கதைதான் இப்படியென்றால், செத்தவர்கள் கதையும் அதுவே. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து நின்ற சுவர், 2010-ஐ ஒட்டி ஊரறியச் சந்தி சிரித்தது. கடைசி நாளில் எக்காளம் ஊதினால் எல்லோரும் எழுந்திருப்பார்களாமே! அன்று சுவருக்கு அந்தப்புறம் இருப்பவர்கள் எந்த வாசல் வழியாக வருவது?

இதைக் கேட்டு இந்துத் தோழர்கள் சிரிக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் சுடுகாடு எத்தனை? பறைச்சேரிப் பிணம் உங்கள் தெரு வழியாகப் போகுமா? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் என்ற பழைய இடுகாடு இருக்கின்றது. 1876-ல் ஜெர்மானியர் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ துரையும், 2004-ல் இந்தியத் தொல்பொருள் இலாகாவும் அங்கே தோண்டினார்கள். நூற்றுக்கணக்கில் தாழிகளும் அவற்றுள் எலும்புகளும் வந்தன. ஓர் எலும்பிலாவது ஜாதி எழுதியிருந்ததா? இன்று உங்கள் ஊர்க் குழியில் இருப்பதையும் நாளை ஒருவன் தோண்டினால் இதைத்தான் காண்பான்.

ஆகவே, கிறிஸ்தவத் தோழர்களே, உங்கள் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள். ஒரே வாசல், ஒரே வரிசை. முன்னே செத்தவனுக்கு முன்குழி, பின்னே செத்தவனுக்குப் பின்குழி. இந்துத் தோழர்களும் தங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் இதையே கேட்கட்டும். இதற்குக் காசு வேண்டாம், சாஸ்திரம் வேண்டாம். வெட்கம் ஒன்று இருந்தால் போதும்.